இருபத்தேழு நிமிட மௌனம்

சல்கேரோ தெருவில், நான்காம் மாடியில், தெருவைப் பார்த்த அறையில் ஃபெர்மீன் ஒலாசோ முப்பத்தொரு வருடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களின் பேச்சைக் கேட்கும் மனநல சிகிச்சையாளர்; அதுதான் அவருடைய தொழில். 1971 ஏப்ரல் 5, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் ஆள் வந்து திவானில் படுத்தார். அன்று முதல் 2002 ஆகஸ்ட் வரை, அந்த நாட்டில் கோடை விடுமுறையான பிப்ரவரி மாதங்களைத் தவிர எந்த வாரமும் அந்த அறை பூட்டிக் கிடந்ததில்லை. வந்தவர் படுத்துக் கூரையைப் பார்த்துப் பேசுவார். ஒலாசோ அவர் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர் கண்ணுக்கு ஒலாசோ தெரியமாட்டார். ஒலாசோவுக்கு அவருடைய உச்சந்தலையும் மார்மேல் கிடக்கும் கைகளும் தெரியும். ஐம்பது நிமிடம் ஆனதும், "இன்னிக்கு இங்க நிறுத்திக்கலாம்" என்பார். சில நாள் அவர் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

அந்தப் பேட்டையில் இரண்டு கட்டடத்துக்கு ஒருவர் இப்படித் திவான் போட்டுத் தொழில் செய்தார். ஆனாலும் பேசாமலிருப்பதில் ஒலாசோவுக்கென்று ஒரு பெயர் இருந்தது. மற்றவர்கள் மௌனத்தை ஒரு முறையாகக் கற்றவர்கள். அவருக்கு அது பிறவிக் குணம். ஒலவாரியா என்ற சின்ன ஊரில், ரயில் நிலைய அதிகாரியின் மூன்றாவது பிள்ளையாக 1931இல் பிறந்தார். மருத்துவப் படிப்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அதை விட்டார். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பு புதிதாகத் தொடங்கியபோது வரிசையில் நின்று சேர்ந்தார். மனைவி நெலிதாவைத் திருமணம் செய்தது 1960இல். பிள்ளைகள் இல்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒரு கறுப்பு அட்டை நோட்டு. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு வரி: பெயரின் முதல் எழுத்து, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மௌனம் எத்தனை நிமிடம், எப்படிப்பட்ட மௌனம். வார்த்தையைத் தேடிப் போனவரின் மௌனம் ஒரு விதம், கோபத்தில் வாயை இறுக்கிக்கொண்டவரின் மௌனம் வேறு விதம், களைத்துப்போய்ச் சும்மா கிடப்பவரின் மௌனம் இன்னொரு விதம். மூன்றுக்கும் மூன்று குறி வைத்திருந்தார். என்ன பேசினார்கள் என்பதை மட்டும் அவர் எழுதியதேயில்லை. பேச்சு அவர்களுடைய சொத்து என்பார். ஒருவர் மௌனத்தை இன்னொருவர் கலைக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே சட்டம்.

நெலிதாவுக்கு இந்தச் சட்டத்தின் மேல் மரியாதை கிடையாது. "கிழவா, வீட்டுல வந்து வேல பாக்காத. கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்பாள்.

2000ஆம் ஆண்டு நோட்டை டிசம்பர் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது ஒலாசோ ஒன்றைக் கவனித்தார். 1998இல் ஒரு சந்திப்புக்குச் சராசரி மௌனம் ஆறரை நிமிடம். 2000இல் ஒன்பது. அடுத்த வருடம் பதின்மூன்று. 2002 ஜூலை முடிவில் பதினேழு. ஒருவரிடம் மட்டும் அல்ல, வந்துபோகிற பதினொரு பேரிடமும் இப்படித்தான். பல வரிகளின் ஓரத்தில் "குரல் தாழ்கிறது" என்று எழுதியிருந்தார்.

அதற்குக் காரணம் தேட அவர் வெகுதூரம் போகவில்லை. நாட்டின் பொருளாதாரம் கவிழ்ந்து கிடந்தது. 2001 டிசம்பரில் ஜனங்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இரண்டு வாரத்தில் ஐந்து பேர் ஜனாதிபதி நாற்காலியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். இப்படிப்பட்ட காலத்தில் மனிதர்களுக்கு வார்த்தை வற்றிப்போகாதா? ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை, சக சிகிச்சையாளர்கள் மாதம் ஒருமுறை கூடும் வட்டத்தில் இதைக் கட்டுரையாக வாசித்தார். பத்தொன்பது பக்கம், நான்கு அட்டவணை. தலைப்பு: "ஒரு நாடு ஊமையாகிறது." வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெர்னார்தோ கலீத்ஸ்கி மட்டும் தாடியைச் சொறிந்தார். படிக்கிற காலத்திலிருந்து இருவரும் டேய் போட்டுப் பேசிக்கொள்கிறவர்கள்.

"டேய் ஒலாசோ, எங்கிட்ட வர்றவங்க வாய மூடவே மாட்டேங்குறாங்களேடா. போன வருஷத்துலேர்ந்து எனக்குத் தலவலி மாத்திரைதான் சாப்பாடு. பேசாதவன் எல்லாரையும் உங்கிட்ட அனுப்பிட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒலாசோவும் சிரித்தார். பெர்னார்தோ நடுவில் பேசிக் கெடுக்கிறவன், அவனிடம் யாரால் மௌனமாக இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பதினொரு பேரில் மிர்த்தா ஒருத்தி. வயது நாற்பத்தெட்டு. ஒரு பரிசோதனைக்கூடத்தில் விடியற்காலையிலிருந்து மதியம் வரை ரத்தம் எடுக்கிற வேலை. தனியாக இருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்கு வருவாள். ஒன்பது வருடமாக வந்துகொண்டிருந்தாள். எப்போதும் தணிந்த குரல். தூக்கம் வராது. கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். ஏன் என்று ஒன்பது வருடத்தில் அவள் சொன்னதில்லை. ஒலாசோ கேட்டதுமில்லை. சொல்லாத அந்த விஷயத்தின் வாசல் வரை அவள் வந்து வந்து திரும்புவதை அவர் அறிவார். என்றைக்காவது உள்ளே போவாள் என்று காத்திருந்தார்.

2002 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை. குளிர் இன்னும் விடவில்லை. அறையில் எரிவாயு அடுப்பு 'உம்'மென்று எரிந்துகொண்டிருந்தது. கீழே பேருந்துகள் உறுமிக்கொண்டு போயின. மிர்த்தா வந்து படுத்தாள். 4.08 வரை ஏதோ வேலையிடத்துக் கதை சொன்னதாக அவருக்குப் புரிந்தது. பிறகு ஒன்றும் இல்லை. கைகள் மட்டும் ஒன்றையொன்று பிசைந்தன. 4.35க்கு அவள் கைகள் அடங்கின; அதற்கு மேல் 4.50 வரை கிடந்ததை ஓய்வு என்று அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றைய வரியில், "மௌனம் 27 நிமிடம். களைத்தவரின் மௌனம். கைகளில் அமைதியின்மை, பிறகு தெளிவு" என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை அவள் முகமே வேறாக இருந்தது. நேரம் முடிந்து வாசலில் விடைபெறும்போது, அந்த ஊர் வழக்கப்படி கன்னத்தில் கன்னம் வைக்காமல், அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிரே நின்று பேசியதால் அவள் சொன்னது ஒவ்வொன்றும் அவருக்கு விளங்கியது.

"டாக்டர், செவ்வாக்கிழம ராத்திரி நான் தூங்குனேன். ஏழு மணி நேரம். முப்பது வருஷத்துல மொத தடவ."

அவர் தலையசைத்தார்.

"அத நான் சொன்னதும் நீங்க எழுந்து போயிருவீங்கன்னு நெனச்சேன். இல்ல, ஆறுதலா ஏதாவது சொல்லிருவீங்களோன்னு பயந்தேன். அது இன்னும் மோசம். நீங்க ஒண்ணுமே சொல்லல. அசையக்கூட இல்ல. எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்பறமும் எம் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. அது போதும் எனக்கு."

லிஃப்ட் கதவை மூடிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். ஒலாசோ நோட்டை எடுத்துச் செவ்வாய்க்கிழமை வரியை ஐந்தாறு தடவை படித்தார். இருபத்தேழு நிமிடம் மௌனம் என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது நெலிதா சமையலறையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"என்ன கூத்து இது?"

"எனக்குப் பின்னாடி நின்னு பேசு. அஞ்சு நிமிஷம். மெதுவா."

"என்ன பேசணும்?"

"என்ன வேணும்னாலும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு பேருந்து நிற்பதும் கிளம்புவதும் கேட்டது. அதனால்தானே இத்தனை நாள் சந்தேகமே வரவில்லை. பேருந்து கேட்கிறது, கதவு சாத்துவது கேட்கிறது. நெலிதா இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தார். ஐந்து நிமிடம் ஆனதும் திரும்பினார். அவள் கத்தியைக் கீழே வைத்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"பேசுனியா?"

"பேசுனேன்."

"என்ன சொன்ன?"

"ஒரு தடவ சொல்லியாச்சு. இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்." கத்தியை எடுத்தாள். பிறகு முகத்தை அவர் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு வருஷமா தொண்ட கிழியுது எனக்கு. காதக் காட்டு, காதக் காட்டுன்னு. நீ என்ன சொன்ன? நான் முணுமுணுக்கிறேனாம். டெலிபோன்காரன் லைன் சரியில்லையாம். ஊரே முணுமுணுக்குது, உன் காது மட்டும் தங்கம்!"

மறுவாரம் எல்லாருக்கும் நெலிதா தொலைபேசியில் சொன்னாள்: இரண்டு வாரம் சந்திப்பு கிடையாது. முப்பத்தொரு வருடத்தில் பிப்ரவரி அல்லாத முதல் விடுமுறை. செப்டம்பர் 11 அன்று காது மருத்துவர் அவரை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். ஒலாசோ அழுத்தியதைவிடச் சும்மா இருந்ததே அதிகம். முடிவைத் தாளில் கோடாகப் போட்டுக் காட்டினார்கள். கனத்த ஒலிகளின் பக்கம் கோடு நேராகப் போனது. பேச்சில் வரும் மெல்லிய ஒலிகளின் பக்கம் அப்படியே சரிந்து விழுந்தது. மூன்று நான்கு வருடமாக இப்படித்தான் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். "எதிர்ல இருக்கறவங்க உதட்ட உங்களுக்குத் தெரியாமலேயே படிச்சுட்டு வந்திருக்கீங்க. அதனாலதான் சமாளிச்சிருக்கீங்க."

திவானில் படுத்திருப்பவரின் உதடு தலைமாட்டிலிருந்து தெரியாது.

அன்று அவர் மூன்று வருட நோட்டுகளையும் மேசையில் பரப்பினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனார். 2001 மார்ச்சில் ஒருவர், "நீங்க ஒரு சுவரு. சுவத்துகிட்டப் பேசணும்னா நான் வீட்டுலயே பேசிக்குவேன்" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அந்த வரியில் ஒலாசோ எழுதியிருந்தது: "கோப மௌனம், 31 நிமிடம், பிறகு வெடிப்பு. எதிர்பார்த்ததே." அந்த முப்பத்தொரு நிமிடமும் அந்த மனிதர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியவில்லை. ஒலாசோ கட்டுரையின் பத்தொன்பது பக்கத்தையும் நாலாகக் கிழித்தார். நோட்டுகளைக் கிழிக்கக் கை வரவில்லை.

மற்றவர்களிடம் சொல்லிவிடலாம், மன்னிப்புக் கேட்கலாம். மிர்த்தாவிடம் என்ன செய்வது? மறுநாள் வியாழக்கிழமை ஒரு காப்பிக் கடையில் பெர்னார்தோவைச் சுவரோரமாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பெர்னார்தோ முதலில் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"சொல்லிடாத," என்றார் பெர்னார்தோ.

"பொய்யில்லையாடா அது?"

"என்ன பொய்? அவ பேசுனா, நீ பேசாம இருந்த. அவ தூங்குனா. இதத்தானே முப்பது வருஷமா நாம எல்லாருக்கும் சொல்லிட்டு வர்றோம்?"

"நான் பேசாம இருக்கலடா. எனக்குத் தெரியவே இல்ல. அங்க நான் இல்லவே இல்ல."

"அவளுக்கு நீ இருந்த."

"நான் அடுத்த நாள் என்ன சாப்பிடலாம்னு யோசிச்சிட்டு இருந்திருப்பேன். அவ அந்த நேரத்துல..."

"சரி. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நல்லா காது கேக்கற காலத்துல, அவங்க பேசும்போது அடுத்த நாள் சாப்பாட்ட நீ யோசிச்சதே இல்லியா?"

ஒலாசோ பதில் சொல்லவில்லை.

"இப்ப இது எந்தக் குறிடா உன் நோட்டுல?" என்றார் பெர்னார்தோ. "கேளு. உன் காது உன் பிரச்சன. அந்தப் பொம்பளையோட தூக்கத்துல கை வைக்காத. காதுக் கருவிய மாட்டிக்க, வேலையப் பாரு."

நல்ல யோசனைதான். ஒலாசோ பதினோரு நாள் அதோடு வாழ்ந்து பார்த்தார். மிர்த்தா இனி அந்த விஷயத்தைத் தொட்டுப் பேசுவாள். "அன்னிக்குச் சொன்னேனே" என்பாள். அவர் தெரிந்தவர்போல உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் சுமையை அவர் பாதி வாங்கிக்கொண்டதாக அவள் நம்பிக்கொண்டிருப்பாள். அவர் கையிலோ ஒன்றும் இருக்காது. இதை எத்தனை வருடம் செய்ய முடியும்? சொன்னால் அவள் தூக்கம் போய்விடும். சொல்லாவிட்டால் அவள் தனியாக இருப்பது அவளுக்கே தெரியாமல் போய்விடும்.

செப்டம்பர் 23 அன்று கருவி வந்தது. காதுக்குப் பின்னால் தொங்கும், மொச்சைக்கொட்டை அளவு. 24, செவ்வாய்க்கிழமை மாலை 4.00க்கு மிர்த்தா மணி அடித்தாள். அவள் திவான் பக்கம் போனபோது ஒலாசோ தடுத்தார். "இன்னிக்கு இங்க உக்காருங்க" என்று தன் எதிரே ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒலாசோவுக்கு நோய் என்று நினைத்துவிட்டாள்போல.

"உடம்பு சரியில்லையா, டாக்டர்?"

அவர் தேதி, நேரம் விடாமல் சொன்னார். காது எவ்வளவு போயிருக்கிறது, எப்போதிலிருந்து, அந்தச் செவ்வாய்க்கிழமை 4.08க்கும் 4.35க்கும் நடுவில் தனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை என்பது. சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆனது.

மிர்த்தா அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தகூடவா?"

"ஒரு வார்த்தகூட."

"பேரு? ஒரு பேரு சொன்னேனே. ரெண்டு மூணு தடவ சொன்னேனே."

"கேக்கல, மிர்த்தா."

"நான் அழுதது?"

"தெரியாது."

அவள் சிரிப்பதுபோல ஒரு மூச்சு விட்டாள். "அப்ப நான் இன்னும் யாருகிட்டயுமே சொல்லல."

ஒலாசோ தன் சட்டத்தை முதல் தடவையாக மீறினார். "இப்ப கேக்கும். இது நல்லா வேலை செய்யுது. நீங்க சொன்னா..."

"ஒம்பது வருஷம் ஆச்சு டாக்டர் அத வாய் வரைக்கும் கொண்டு வர." அவள் குரல் உயரவில்லை. கருவி வழியாக அந்தத் தணிந்த குரலின் ஒவ்வொரு பிசிறும் அவருக்குக் கேட்டது. இத்தனை நாள் இந்தக் குரல் இப்படித்தான் இருந்ததா என்று நினைத்தார். "நீங்க நேர்மையானவரு. தெரியும். ஆனா இத எங்கிட்டச் சொல்லி நீங்க எறக்கி வச்சுட்டீங்க. நான் எங்க போய் எறக்கி வைப்பேன்?"

அவள் 4.19க்கு எழுந்தாள். வாசலில் கன்னமும் வைக்கவில்லை, கையும் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கிலிருந்து நான்கு ஐம்பது வரை அவர் காத்திருந்தார். லிஃப்ட் மேலே வருவதும், இரண்டில் நிற்பதும், ஐந்துக்குப் போவதும் துல்லியமாகக் கேட்டது. நான்கில் நிற்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அப்படியே. வராதவரைத் தேடிக் கூப்பிடுவது அவர்கள் தொழிலில் வழக்கமில்லை. போக விரும்புகிறவரைப் போகவிட வேண்டும். அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை, மாலை 4.30க்கு ஒலாசோ அவள் எண்ணைச் சுழற்றினார். ஒட்டிவைத்தால் கருவி கீச்சிடும். அதனால் ரிசீவரைக் காதிலிருந்து விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ஹலோ?" என்றாள் மிர்த்தா. தூங்காத குரல். "ஹலோ, யாரு?"

என்ன சொல்வதென்று அவர் தாளில் எழுதிவைத்திருந்தார். அதில் முதல் வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"டாக்டரா?"

"ஆமா."

பிறகு அவளும் பேசவில்லை. அவள் வீட்டுக் குழாய் ஒன்று சொட்டுவது கேட்டது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தது கேட்டது. ஒருமுறை மூச்சை இழுத்துப் பிடித்தாள். பேசப் போகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். அதை அவர் முப்பத்தொரு வருடமாக அறிவார். காத்திருந்தார். மூச்சு மெல்ல வெளியே வந்தது, சொல் இல்லாமல். 4.31லிருந்து 4.38 வரை இப்படிப் போனது. அவரும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது, மிர்த்தா. எல்லாம் கேக்குது."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.